ஆறாவது டின்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் பாதிக் கதையில நான் யாரையாவது திட்டினா தப்பா நினைக்கக் கூடாது. டிராக்டர் பழுது பார்க்கிற பட்டறை வச்சிருக்கேன். பதினாலு வருஷமா நகத்துக்குள்ள கிரீஸ் இல்லாம நான் சாப்பிட உட்கார்ந்தது கிடையாது. பொம்பளை பட்டறை வச்சா எப்படி ஓடும்னு ஆரம்பத்துல கேட்டவங்கதான் இப்ப என்கிட்ட வண்டியை விட்டுட்டு, எப்ப முடியும்னு கேக்கப் பயந்துக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க.

எங்க அக்காவுக்குக் கோபமே வராது. அவ ஆடு வளர்க்கிறா. மொத்தம் தொண்ணூறு ஆடு, தொண்ணூறுக்கும் பேர் வச்சிருந்தா. வாயாடி, சீமாட்டி, தூங்குமூஞ்சி, பொட்டுக்காரி, அவசரக்குடுக்கை. ஒரு கிடா எப்பவும் மந்தைக்கு முன்னாடி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நடக்கும், ஆனா எங்க போகணும்னு அதுக்கே தெரியாது. அதுக்குத் தன் வீட்டுக்காரர் பேரைத்தான் வைக்கணும்னு நினைச்சா. வீட்டுல சண்டை வருமேன்னு மேனேஜர்னு வச்சா.

அந்த வீட்டுக்காரரைத்தான் நான் மாமான்னு கூப்பிடறேன். டிரைவிங் ஸ்கூல்ல வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறார். பக்கத்து சீட்டுல உட்கார்ந்தே பிரேக் போட்டுப் பழகினவர். அதனால உலகத்துல யார் எந்த வேலை செஞ்சாலும் பக்கத்துல நின்னு, ‘மெதுவா, மெதுவா, லெஃப்ட்ல பாரு’ன்னு சொல்லாம அவரால இருக்க முடியாது. நல்ல மனுஷன்தான். வாயை மட்டும் கழட்டி வச்சுட்டா இன்னும் நல்லா இருப்பார்.

அந்த மாசம் நாய்க் கூட்டம் ரெண்டு தடவை ஆட்டு நிலத்துக்குள்ள பூந்துச்சு. முதல் தடவை நாலு ஆடு போச்சு. ரெண்டாவது தடவை ஏழு, அதுல அஞ்சு சினை ஆடு. வேலின்னு அங்க ஒண்ணுமே இல்லை. போன வருஷம் வாங்கிப் போட்ட முந்நூத்துப் பத்து சிமெண்ட் கம்பமும் ஓரமா களைக்குள்ள படுத்துக் கிடந்துச்சு. அந்த மண்ணுல குழி தோண்டறது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு ஆள் கடப்பாரையால ஒரு குழி போட அரை நாள் ஆகும். கூலிக்கு வந்தவங்க ரெண்டு குழி போட்டுப் பார்த்துட்டு, சாப்பிட்டு வரோம்னு போனவங்க திரும்பி வரவே இல்லை.

ரெண்டாவது தடவைக்கு அப்புறம் அக்கா ஆடுங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடறதை நிறுத்திட்டா. ‘ஏய், இந்தா, போ’ அவ்வளவுதான். ஏன்னு கேட்டேன்.

“பேர் சொல்லிக் கூப்பிட்டா விக்க முடியாதுடி.”

நான் யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள அவ வியாபாரிக்கும் சொல்லி அனுப்பிட்டா. அந்த ஆளு கண்ணால பார்த்தே ஆட்டோட எடையைச் சொல்லிடுவார், அதனால அவருக்குத் தராசுன்னே பேர். பத்தாம் தேதி வந்து மந்தையைச் சுத்திப் பார்த்தார். மொத்தமா எடுத்துக்கிறேன்னார். அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னா. நான்தான் குறுக்க விழுந்தேன்.

“இப்ப வேண்டாம். வேலி போட்டுட்டா ஆடு எங்களோடயே இருக்கும்.”

தராசு களைக்குள்ள கிடந்த கம்பத்தைப் பார்த்தார். “இது முளைச்சு வேலியாகறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?”

அக்கா அப்பத்தான் நிமிர்ந்தா. “இருபத்தெட்டாம் தேதி காலையில பத்து மணிக்கு லாரியோட வாங்க. அன்னிக்கு வேலி முழுசா நின்னா ஒரு ஆடும் கிடையாது. ஒரு கம்பம் குறைஞ்சாலும் எல்லாத்தையும் ஏத்திக்குங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.”

தராசு சிரிச்சுக்கிட்டே சரின்னார். அக்கா வாக்குக் கொடுத்தா மாற மாட்டா. பதினெட்டு நாள், முந்நூத்துப் பத்து குழி. ஆளை வச்சுத் தோண்டினா அடுத்த வருஷம்தான் முடியும். என் பழைய டிராக்டருக்குப் பின்னாடி மாட்டற குழி போடற மெஷின் ஒண்ணு வாங்கியே ஆகணும்.

மாமா அன்னிக்கே கடைக்குக் கிளம்பிட்டார். மூணு வாரம் லீவு போட்டாச்சு, இஸ்திரி சட்டையும் போட்டாச்சு.

“உட்காருங்க மாமா. முதல்ல மண்ணைப் பார்க்கணும்.”

“மண்ணு என்ன, மண்ணு மாதிரிதான் இருக்கும்.”

என் பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வந்தாலும் திறந்து பார்க்காம நான் ஒரு நட்டு கூட வாங்க மாட்டேன். மண்ணும் அப்படித்தான். வேலி வரப்போற கோட்டுல ஆறு இடத்துல கையாலயே குழி தோண்டணும், ரெண்டரை அடி ஆழம். ஒவ்வொரு குழியில இருந்தும் அடி மண்ணை ஒரு பெயிண்ட் டின்ல அள்ளி, மூடி மேல நம்பர் எழுதணும். அந்த ஆறு டின்னையும் கடைக்குக் கொண்டு போய்த்தான் மெஷின் பார்க்கணும்.

அக்காவும் நானும் மாத்தி மாத்திக் கடப்பாரை போட்டு, ரெண்டரை நாள்ல அஞ்சு குழி தோண்டினோம். வடக்குல ரெண்டு, கிழக்குல ரெண்டு, தெற்குல ஒண்ணு. மேல அரை அடி புழுதி, அதுக்குக் கீழ இறுகின செம்மண், நடுவுல முட்டை அளவுக் கல்லு. என் தோள்பட்டை ரெண்டும் கழண்டு விழற மாதிரி ஆயிடுச்சு. மேற்குல ஒரு குழி பாக்கி. அதை நான் தோண்டறேன்னு மாமா முன்வந்தார். எனக்கே அவர் மேல மரியாதை வந்துச்சு. மதியத்துக்குள்ள ஆறாவது டின்னை மூடி போட்டு என் முன்னாடி வச்சார். திறந்து பார்த்தேன். அதே செம்மண்.

“ரெண்டரை அடி போனீங்களா மாமா?”

“என்ன கேள்வி இது? அளந்துட்டுத்தான் மூடினேன்.”

பதினாலாம் தேதி கடைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, மழமழன்னு தரை, வரிசையா பளபளக்கிற மெஷினுங்க. விற்பனை செய்யற பையன் நேரா மாமாகிட்ட போய், “சொல்லுங்க சார்”ன்னான். என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவுக்கு உச்சி குளிர்ந்து போச்சு. நான் ஆறு டின்னையும் அவன் மேசை மேல வரிசையா வச்சேன்.

“இது மண் பரிசோதனை பண்ற இடம் இல்லைம்மா.”

“தெரியும். ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்.”

முதல்ல அவன் காட்டினது ஹைட்ராலிக் மெஷின். டிராக்டரோட எண்ணெய் அழுத்தத்துலதான் அது சுத்தும். நெம்புகோலை இந்தப் பக்கம் தள்ளினா மண்ணுக்குள்ள இறங்கும், அந்தப் பக்கம் தள்ளினா பின்பக்கமா சுத்தி வெளியில வந்துடும். மாமா நெம்புகோலைப் பிடிச்சுப் பார்த்தார். அவர் கண்ணுல காதலே வந்துடுச்சு. “ரிவர்ஸ் இருக்கு பாரு, ரிவர்ஸ்”னு என் காதுல நாலு தடவை சொன்னார்.

“இதுக்கு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் எண்ணெய் வேணும் தம்பி?”

பையன் உள்ள போய் ஒரு புத்தகத்தைப் புரட்டிட்டு வந்து, நாற்பத்தஞ்சுன்னான். நான் கிளம்பறதுக்கு முன்னாடி பட்டறையில வாளியும் கடிகாரமும் வச்சு என் டிராக்டரோட பம்பை அளந்திருந்தேன். இருபத்திரண்டு லிட்டருக்கு மேல ஒரு சொட்டு தராது.

“பாதி எண்ணெயில இது என்ன பண்ணும்?”

“சுத்தும்மா. கொஞ்சம் மெதுவா.”

“கல்லு வந்தா?”

பையன் அடுத்த மெஷின் பக்கம் நகர்ந்தான். மாமா மட்டும், “ரிவர்ஸ் இருக்கே”ன்னார்.

ரெண்டாவது மெஷின் மாமா உயரம் இருந்துச்சு. டிராக்டருக்குப் பின்னாடி ஒரு தண்டு நீட்டிக்கிட்டுச் சுத்தும் இல்லையா, அந்தத் தண்டோட வேகத்துல ஓடற வகை. மண்ணைத் தோண்டற திருகு ஒன்றரை அடி அகலம், நாலு அடி நீளம். நான் பையில இருந்து ஒரு குச்சியை எடுத்தேன். என் டிராக்டருக்குப் பின்னாடி மெஷினைத் தூக்கிப் பிடிக்கிற கை எவ்வளவு உயரம் தூக்கும்னு அளந்து வெட்டின குச்சி. மெஷின் பக்கத்துல அதை நிறுத்திக் காட்டினேன்.

“முழுசாத் தூக்கினாலும் இதோட நுனி தரையை விட்டு எழும்பாது. அடுத்த குழிக்கு எப்படிப் போறது, நிலத்தை உழுதுக்கிட்டேவா? அதோட என் கம்பம் அஞ்சு அங்குலம். ஒன்றரை அடிக் குழியில அதை நிறுத்தினா, பக்கத்துல நீயும் வந்து நிக்கலாம் தம்பி.”

அப்பத்தான் பையன் முதல் தடவையா என் முகத்தைப் பார்த்தான். கடைக்குப் பின்னாடி, அட்டைப் பெட்டிங்களுக்கு அடியில இன்னொண்ணு கிடக்கு, யாரும் கேக்கறதில்லைன்னான். போய்ப் பார்த்தோம். பெயிண்ட் மங்கிப் போயிருந்துச்சு. இதுவும் தண்டுல ஓடறதுதான். ஒன்பது அங்குலத் திருகு, மூணு அடி நீளம். என் குச்சிக்கு அளவு சரியா வந்துச்சு. பாரம் தாங்காம உடையறதுக்குன்னே ஒரு போல்ட் வச்சிருந்தாங்க, அது உடைஞ்சா கியர் பாக்ஸ் தப்பிச்சுடும். எல்லாத்துக்கும் மேல எனக்குப் பிடிச்சது அதோட பல்லு. திருகோட நுனியில இருக்கிற பல்லைக் கழட்டி மாத்தலாம். தட்டைப் பல்லு ஒரு செட், கூர்ப் பல்லு ஒரு செட்.

“இதுதான்”னேன்.

மாமா முகத்துல ஈ ஆடல. “இதுல ரிவர்ஸ் இல்லையே. பழசா வேற இருக்கு. பார்க்கிறவங்க சிரிப்பாங்க.”

“ஆடு சிரிக்காது மாமா. கூர்ப் பல்லும் சேர்த்துக் கொடு தம்பி.”

பையன் டின்னை எல்லாம் எட்டிப் பார்த்தான். “உங்க மண்ணுக்குத் தட்டைப் பல்லே போதும்மா. ஆறும் ஒரே மண்ணுதானே.”

“ஆறு இடத்துலதான் தோண்டியிருக்கேன். முந்நூத்துப் பத்து இடத்துல குழி போடணும்.”

மாமா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார். அதுக்கு அப்புறம் ஒரு வாரம் எதைப் பார்த்தாலும், “மெக்கானிக்கம்மா, இதுக்கும் ஒரு செட் எக்ஸ்ட்ரா பல்லு வாங்கி வைக்கலாமா”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தார்.

பதினாறாம் தேதி காலையில முதல் குழி. அக்கா கோடு போட்டு வச்சிருந்தா, எட்டடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி. நான் டிராக்டரைப் பின்பக்கமா கொண்டு போய்த் திருகைப் புள்ளி மேல நிறுத்தி, தண்டை ஓட விட்டு, மெதுவா இறக்கினேன். புழுதி கிளம்புச்சு, செம்மண் சுத்திச் சுத்தி மேல வந்து குவிஞ்சுது, கல்லு ரெண்டு டக் டக்னு ஓரமா துள்ளி விழுந்துச்சு. தூக்கினேன். உள்ள எட்டிப் பார்த்தா, வார்த்து எடுத்த மாதிரி ஒரு குழி. மூணு நிமிஷம்தான். நாங்க அரை நாள் செத்து சுண்ணாம்பான வேலை.

அக்கா குழிக்குள்ள கையை விட்டுப் பார்த்தா. எழுந்து அடுத்த புள்ளிகிட்ட போய் நின்னுக்கிட்டா.

அப்புறம் கேக்கணுமா? நான் குழி போடுவேன், அக்காவும் மாமாவும் கம்பத்தை நிறுத்தி மண்ணைப் போட்டு இடிப்பாங்க, கம்பி கட்டறவரும் அவர் சம்சாரமும் பின்னாடியே கம்பி வலையை இழுத்துக் கட்டிக்கிட்டு வருவாங்க. ஒரு நாளைக்கு முப்பத்தாறு குழி. போல்ட் ரெண்டு தடவை உடைஞ்சுது, ரெண்டு நிமிஷத்துல மாத்தினேன். இருபத்தொண்ணாம் தேதி சாயந்திரம் இருநூத்துப் பதினாறு கம்பம் நின்னுச்சு. வடக்கு, கிழக்கு, தெற்கு மூணும் முடிஞ்சுது. மேற்கு மட்டும் பாக்கி, தொண்ணூத்து நாலு. கணக்குப்படி மூணு நாள் வேலை. அன்னிக்கு நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிச்சேன்னா பார்த்துக்குங்க.

மறுநாள் மேற்குல முதல் குழி. ஆறாவது டின்ல பார்த்த மண்ணுதானேன்னு ஒரே மூச்சுல இறக்கினேன். ஒன்றரை அடி வரைக்கும் வெண்ணெய். அதுக்கு அப்புறம் சத்தம் மாறிடுச்சு. நான் கையை எடுக்கிறதுக்குள்ள, மரத்துல திருகாணி இறங்கற மாதிரி அதுவா உள்ள இழுத்துக்கிட்டுப் போச்சு. படார்னு போல்ட் உடைஞ்சுது. தூக்கிப் பார்த்தேன், அசையல. இன்னும் கொஞ்சம் தூக்கினேன். டிராக்டரோட முன் சக்கரம் ரெண்டும் தரையை விட்டு எழும்புச்சு. இன்ஜினை அணைச்சுட்டுக் குதிச்சேன்.

குழி ஓரத்துல ஒட்டியிருந்த மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். சாம்பல் நிறக் களிமண்ணு. விரலை விட்டுப் போக மாட்டேங்குது.

நேராப் பட்டறைக்குப் போய் அஞ்சாவது, ஆறாவது டின்னு ரெண்டையும் எடுத்துக்கிட்டு வந்தேன். ஆறாவதைத் தரையில கொட்டினேன். பக்கத்துலயே அஞ்சாவது டின்னையும் கொட்டினேன். ரெண்டும் ஒரே மண்ணு, அதுல இருந்த கல்லு கூட ஒரே ஜாடை.

“மாமா, இங்க வாங்க. இந்த மண்ணை எங்க இருந்து எடுத்தீங்க?”

கொஞ்ச நேரம் என்னென்னவோ பூசி மெழுகினார். அப்புறம் உள்ளங்கையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். “ஒரு அடிக்கு மேல முடியல. கையெல்லாம் கொப்புளம். எல்லாம் ஒரே நிலம்தானேன்னு, உங்க அஞ்சாவது குழியில இருந்து அள்ளிட்டேன்.”

நான் திட்டின திட்டை இங்க எழுத முடியாது. கம்பி கட்டறவர் காதைப் பொத்திக்கிட்டார். அக்கா மட்டும் ஆடுங்க இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துட்டு, தன் புருஷன் கையைப் பிடிச்சுக் கொப்புளத்தைப் பார்த்தா. அது எப்பவோ ஆறியிருந்துச்சு. கையை விட்டுட்டு ஓரமா போய் உட்கார்ந்துக்கிட்டா. நான் திட்டினதை விட அதுதான் அவரைச் சுட்டுச்சு, முகத்துலயே தெரிஞ்சுது.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு என் மேலயும் கோபம். டின்னைத் திறந்து பார்த்தவ, நாலு எட்டு நடந்து குழியைப் பார்த்திருக்கலாம். இன்னொண்ணும் சொல்றேன், இதை இன்னிக்கு வரைக்கும் மாமாகிட்ட சொன்னதில்லை. அன்னிக்கு ஒரு மணி நேரம், ரிவர்ஸ் இருந்திருந்தா இந்நேரம் திருகு வெளியில வந்திருக்குமேன்னு நான் மனசுக்குள்ள அடிச்சுக்கிட்டேன். அவர் அதைச் சொல்லிக் காட்டுவார்னு காத்துக்கிட்டு இருந்தேன். அவர் சொல்லல. பட்டறைக்குப் போய் என் பெரிய குழாய் ரெஞ்சையும் ஆறடி இரும்புக் குழாயையும் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தார்.

“எந்தப் பக்கம் சுத்தணும் சொல்லு. சுத்திக்கிட்டே இருக்கேன்.”

தண்டைக் கழட்டிட்டு, திருகோட கழுத்துல ரெஞ்சை மாட்டி, அதுல குழாயைச் சொருகினோம். மாமா குழாயைத் தள்ளிக்கிட்டுப் பின்பக்கமா சுத்தி வந்தார். ஒரு சுத்துக்கு ஒரு அங்குலம் கூட ஏறல. வெயில்ல இஸ்திரிச் சட்டை கிழிஞ்சு, செருப்பு அறுந்து, வெறுங்காலோட சுத்தினார். பாதியில அக்கா எழுந்து வந்து குழாயோட மறுபக்கத்தைப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தினாங்க. சாயந்திரம் திருகு வெளியில வந்தப்ப, அதைச் சுத்தி ஒரு ஆள் பருமனுக்குக் களிமண்ணு அப்பியிருந்துச்சு. ஒரு நாள் முழுசா போச்சு. இனி அஞ்சே நாள்ல தொண்ணூத்து நாலு குழி.

திருகைச் சுரண்டிச் சுரண்டி என் கையெல்லாம் களிமண்ணு. வாளியில சோப்புத் தூளைப் போட்டுக் கை கழுவ உட்கார்ந்தேன். கிரீஸ் கூட இவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. ஆனா சோப்புத் தண்ணி பட்டதும் அந்தக் களிமண்ணு வழுக்கிக்கிட்டுக் கழண்டு போச்சு. நான் கழுவறதை நிறுத்திட்டுக் கையையே பார்த்தேன்.

“மாமா, வீட்டுல இருக்கிற சோப்புத் தூளை எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க. ஒரு பழைய துடைப்பமும்.”

தட்டைப் பல்லைக் கழட்டிக் கூர்ப் பல்லை மாட்டினேன். எக்ஸ்ட்ரா பல்லு, ஞாபகம் இருக்கில்ல? மாமாவும் ஞாபகம் வச்சிருந்தார், ஸ்பானரை எடுத்துக் கொடுக்கிறப்ப என் கண்ணைப் பார்க்கல. காலையில இன்ஜின் வேகத்தைப் பாதியாக் குறைச்சேன். அரை அடி இறக்கு, தூக்கு, உதறு. மாமா துடைப்பத்தைச் சோப்புத் தண்ணியில முக்கித் திருகு மேல அடிப்பார். களிமண்ணு சறுக்கிக்கிட்டு விழும். மறுபடி அரை அடி. குழிக்கு அஞ்சு தடவை. பல்லைக் கடிச்சுக்கிட்டு முதல் குழியை முடிச்சேன். ரெண்டரை அடி, சுத்தமான குழி. திருகு தானா வெளியில வந்துச்சு.

அந்தக் களிமண்ணுல, பாதி எண்ணெய் குடிச்சுக்கிட்டு அந்த ரிவர்ஸ் மெஷின் ஒரு சுத்து கூடச் சுத்தியிருக்காதுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. மனசு நிம்மதியாச்சு.

முதல் நாள் பதினாறு குழி. அடுத்த நாள் இருபத்து நாலு. மாமாவுக்குக் கை பழகிடுச்சு, “இறக்கு, போதும், தூக்கு”ன்னு என்னையே டிரைவிங் ஸ்கூல் மாணவி ஆக்கிட்டார். நானும் அப்படியே செஞ்சேன். அவர் சொன்ன இடத்துல தூக்கினா களிமண்ணு ஒட்டல, அதுதான் உண்மை. அதுக்கு அடுத்த ரெண்டு நாளும் இருபத்தேழு, இருபத்தேழு. இருபத்தாறாம் தேதி பொழுது சாயறப்ப முந்நூத்துப் பத்தாவது கம்பம் நின்னுச்சு. மறுநாள் கம்பி வலை முடிஞ்சுது. இருபத்தெட்டாம் தேதி ஒன்பது மணிக்குக் கேட்டை மாட்டிக் கொண்டியைப் போட்டுப் பார்த்தேன். டக்னு விழுந்துச்சு.

பத்து மணிக்குத் தராசு வந்தார். ஒண்ணு இல்லை, ரெண்டு லாரி. கேட்டுக்கு வெளியில இறங்கி, இடுப்புல கையை வச்சுக்கிட்டு வேலியைப் பார்த்தார்.

“நிக்குதுதான். ஆனா நின்னா போதுமா, உறுதியா இருக்க வேண்டாமா? ஆட்டிப் பார்க்கலாமா?”

“தாராளமா”ன்னா அக்கா.

அந்த மனுஷன் உண்மையாவே ஆட்டினார். வடக்குல ஆரம்பிச்சு ஒவ்வொரு கம்பத்தையும் ரெண்டு கையால பிடிச்சு, உலுக்கி, தோளைக் கொடுத்துத் தள்ளி. லாரி ஆளுங்க பின்னாடியே வந்தாங்க, நாங்களும் வந்தோம். கிழக்கு முடியறப்ப வேர்த்துக் கொட்டுச்சு. தெற்குல ரெண்டு கம்பத்துக்கு ஒண்ணுன்னு ஆட்டினார். மேற்கு ஓரத்துக்கு வந்தப்ப நான் கிட்டப் போய் நின்னுக்கிட்டேன், அங்க கடைசிக் கம்பங்க வச்சு ரெண்டு நாள் கூட ஆகல. தராசு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒண்ணைத் தள்ளினார். அது இம்மி அசையல. நாங்க இடிச்சு நிரப்பின களிமண்ணு வெயில்ல காய்ஞ்சு கம்பத்தைக் கவ்விக்கிட்டு இருந்துச்சு. அடுத்ததைத் தள்ளினார். அதுவும் அப்படித்தான். எங்களைப் படுத்தின மண்ணுதான் எல்லாத்தையும் விட இறுக்கமாப் பிடிச்சிருந்துச்சு. எனக்கு அந்தக் களிமண்ணை அள்ளிக் கொஞ்சணும் போல இருந்துச்சு.

தராசு கையைத் தட்டிக்கிட்டு நின்னார். “தோத்துட்டேன்மா”ன்னார். தோத்த முகம் மாதிரி தெரியல. மெஷினைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். “என் மாட்டுக் கொட்டகையைச் சுத்தி நூத்திருபது குழி வேணும். வருவியா?”

“வரேன். ஆனா முதல்ல அங்க ஆறு இடத்துல கையால தோண்டிப் பார்க்கணும். ஆறாவது குழியை எங்க மாமா தோண்டுவார். ரெண்டரை அடி. நான் பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.”

எல்லாரும் சிரிச்சோம். மாமா அசடு வழிஞ்சுக்கிட்டே, “அளந்துட்டுத்தான் மூடுவேன்”னார்.

வெறும் லாரி ரெண்டும் திரும்பிப் போச்சு. ரோட்டோரத்துல அந்த நாய்க் கூட்டம் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் வந்து கம்பி வலையை மோந்து பார்த்துட்டு, வேற வேலை இருக்கிற மாதிரி போயிடுச்சு. மத்ததுங்களும் பின்னாடியே போச்சுங்க.

அக்கா கொட்டகைக் கதவைத் திறந்தா. நாய்க்குப் பயந்து இத்தனை நாளா அடைச்சு வச்சிருந்த ஆடுங்க வாசல்லயே தயங்கி நின்னுச்சுங்க. அவ வேலியை ஒரு சுத்து கண்ணால பார்த்தா.

“வாயாடி.”

ஒரு ஆடு நிமிர்ந்து பார்த்துச்சு.

“வாயாடி, வாடி. சீமாட்டி, உனக்குத் தனியா சொல்லணுமா? பொட்டுக்காரி, தள்ளாதே. தூங்குமூஞ்சி, எழுந்திரு. மேனேஜர், நீ முன்னாடி போ.”

அவ எழுபத்தொன்பது பேரையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் நாங்க யாரும் இடத்தை விட்டு நகரல.